‘ம்’ என்று சொன்ன சாயங்காலங்கள்

என் மனைவியின் வலது கண்ணில் இப்போது பார்வை அநேகமாக இல்லை. இடது கண் இருக்கிறது. அதையாவது தக்க வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே கவலை. கண் அழுத்த நோயில் இரண்டு கண்களையும் இழந்த நான், அவள் கண் போய்க்கொண்டிருந்த காலம் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை. பார்வையில்லாதவனுக்கு எப்படித் தெரியும் என்று உறவினர்கள் எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். தெரிந்திருக்க முடியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதுவது ஒரு பேசும் கணினியில். நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அது திருப்பிச் சொல்கிறது. ‘க’ என்கிறது. ‘ண்’ என்கிறது. சொல் முடிந்து இடம் விட்டதும் ‘கண்’ என்று சேர்த்துச் சொல்கிறது. அதன் குரலில் எதற்கும் வருத்தம் கிடையாது. என் கதையை அதன் வாயால் கேட்கும்போது வேறு யாருடைய கதையோ போலிருக்கிறது. அது ஒரு வசதிதான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். வருடா வருடம் கறிக்கடையில் சொல்லி வைத்து மாட்டுக் கண் வாங்கி வந்து மாணவர்கள் முன்னால் அறுத்துக் காட்டுவேன். முன்னறையில் இருக்கும் தண்ணீர் போன்ற திரவம் எங்கே சுரக்கிறது, எந்த மூலை வழியாக வெளியேறுகிறது, அந்த மூலை அடைபட்டால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். ஓய்வு பெற்ற பிறகு என் கண்ணிலேயே அந்தப் பாடம் நடந்தது. ஓரங்களில் தொடங்கி நடுவை நோக்கி உலகம் சுருங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் ஜன்னல் இருக்கும் திசை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் மற்றத் திசைகளைப் போலவே ஆயிற்று.

முதல் சில வருடங்கள் மனைவிதான் எனக்கு வாசித்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு செய்தித்தாளோடு வந்து பக்கத்தில் உட்காருவாள். வடக்கனந்தலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து பத்தாவது வரை படித்தவள். நிதானமாகத்தான் வாசிப்பாள். நீளமான சொல் வந்தால் அதன் வாசலில் நின்று ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். முதலில் இரங்கல் விளம்பரங்கள், பிறகு மரவள்ளி விலை, பிறகுதான் அரசியல். மந்திரி பேச்சை வாசிக்கும்போது நடுவில், “இந்த ஆள் மூஞ்சியப் பாத்தாவே தெரியுது, ராத்திரி தூங்கல” என்று தன் செய்தி ஒன்றையும் சேர்த்துக்கொள்வாள். எது பத்திரிகைக்காரன் எழுதியது, எது இவள் சொன்னது என்று பிரித்தெடுப்பது என் வேலை.

எனக்கு அது போதவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தோடு இருந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்பது பட்டினி. சென்னையில் இருக்கும் மகள் ஒரு மடிக்கணினி வாங்கி வந்து, திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். வங்கியில் வேலை பார்க்கும் பார்வையற்ற நண்பர் ஒருவர் தினமும் போனில் கூப்பிட்டு எனக்குப் பழக்கினார். எஃப், ஜே என்ற இரண்டு விசைகளின் மேல் மட்டும் சின்ன மேடு இருக்கும், ஆள்காட்டி விரல்களை அங்கே வையுங்கள், அதுதான் வீடு, எங்கே போனாலும் அங்கே திரும்பி வந்துவிடுங்கள் என்றார். மவுஸைத் தூக்கிப் பரண்மேல் போடச் சொன்னார். டேப் விசையைத் தட்டினால் பொத்தானுக்குப் பொத்தான் போகலாம். எச் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். கடைசியாக ஒன்று சொன்னார். “இடது கை ஓரத்தில் கண்ட்ரோல் விசை இருக்கு சார். அதைத் தொட்டா அது பேசுறத நிறுத்தும். வீட்ல யாராவது கூப்பிட்டா முதல்ல அதைத் தொடுங்க. மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க.”

அந்தக் குரலுக்கு மூச்சு கிடையாது. வாக்கியத்தின் நடுவில் எச்சில் விழுங்காது. தகரத்தில் செய்த தொண்டை. முதல் வாரம் ஒரு பக்கம் கேட்பதற்குள் தலை வலித்தது. பிறகு ஒருநாள் தகரம் காணாமல் போய், சொல்லப்பட்டது மட்டும் கேட்கத் தொடங்கியது. வேகத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பழகப் பழகச் சொற்கள் தனித்தனியாகக் காதில் விழுவது நின்றுபோய், அர்த்தம் நேரடியாக எங்கிருந்தோ ஊறி வந்தது. ஆற்றில் மல்லாந்து படுத்தபடி மிதந்து போவதுபோல. அடியில் கூழாங்கற்கள் நகர்வது முதுகுக்குத் தெரியும், எந்தக் கல் என்று தெரியாது. துருகம் சாலையில் கரும்பு லாரிகள் போகும். யாராவது கதவைத் தட்டிவிட்டுப் போவார்கள். குக்கர் கத்தும். அதெல்லாம் கரையில் நடந்தது. நான் தண்ணீரில் இருந்தேன். ஆழ்கடல் மீன்களைப் பற்றி, பாலைவனங்களில் புதைந்த ஊர்களைப் பற்றி, கண்ணைப் பற்றி, கண் நோய்களைப் பற்றி, பசி எடுத்தவன் அண்டாவுக்குள் தலையை விட்டதுபோல வாசித்தேன்.

ஹெட்போனுக்கு வெளியே கசியும் அந்த வேகமான சத்தம் மனைவிக்கு வண்டு ரீங்காரம் போலக் கேட்குமாம். அதற்கு வண்டு என்றே பெயர் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்டு வந்தால், “வண்டுகிட்ட பேசிக்கினு இருக்காரு, கொஞ்ச நேரம் வுட்டு வாங்க” என்பாள். வந்தவர்களுக்கு ஹெட்போனைக் கழற்றி அந்தச் சத்தத்தைக் கேட்கக் கொடுப்பேன். அவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. எனக்கு எல்லாம் புரிகிறது என்பதில் எனக்கு ஒரு கர்வம். கண் போன பிறகு என்னிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது அப்போதுதான்.

செய்தித்தாள் வாசிப்பதை நான்தான் நிறுத்தினேன். ஒரு மத்தியானம் அவள் பேப்பரோடு வந்தபோது, இனிமேல் உனக்குச் சிரமம் வேண்டாம், எல்லாம் இதிலேயே வருகிறது என்றேன். அவள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள் போல. அதனால் ஒரு வேடிக்கையும் சேர்த்தேன். நீ வாசித்து முடிப்பதற்குள் மந்திரி சபையே மாறிவிடுகிறது என்றேன். சிரித்தாள். எனக்கு ஒரு வேலை கம்மியாச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்று செய்ததன் பொருள் பின்னால்தான் விளங்கியது. அவள் தொடர்ந்து எனக்கு வாசித்திருந்தால், வரிகள் தடுமாற ஆரம்பித்த முதல் வாரமே என் காதுக்குத் தெரிந்திருக்கும். அவள் எந்தச் சொல்லில் நிற்பாள், எதில் நிற்க மாட்டாள் என்று அத்தனை வருடம் கேட்டவன் நான். அவளுடைய கண்ணைப் பரிசோதிக்க எனக்கிருந்த ஒரே கருவி அவளுடைய வாசிப்பு. அதைத்தான் வேண்டாம் என்று அனுப்பினேன்.

ஆரம்பத்தில் அவள் ஏதாவது சொல்ல வந்தால் நண்பர் சொன்னபடி கண்ட்ரோல் விசையைத் தொடுவேன். வண்டு நிற்கும். என்ன என்று கேட்பேன். அந்த மரியாதை ஓரிரு வருடம் இருந்தது. பிறகு ஒரு காதில் வண்டு, ஒரு காதில் அவள் என்று பழகிக்கொண்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியும் என்று நம்பினேன். ரேஷனில் பருப்பு வந்திருக்கிறது, தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, தங்கச்சி போன் செய்தாள். இதெல்லாம் பெரும்பாலும் எனக்கு எட்டிவிடும். ‘ம்’ என்பேன். அவள் சொன்னது ஓடி மறைந்த பிறகும் அதன் கடைசிச் சொல் சில நொடிகள் காதில் நிற்கும். என்ன சொன்னேன் என்று அவள் கேட்டால் அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்வேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். விசையைத் தொடுவதை நான் எப்போது விட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. தூக்கம் எந்த நொடியில் வருகிறது என்று யாருக்குத் தெரியும், அதுபோல.

அவளுடைய தங்கை கல்வராயன் மலையில் கரியாலூரில் இருக்கிறாள். அருவிக்கு வருகிறவர்களை நம்பி அவளும் அவள் கணவரும் ஒரு டீக்கடை வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது போய் சில நாள் தங்குவோம். பஸ் கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். எனக்கு அது மட்டும் பிடிக்காது. காது அடைத்தால் எனக்கு இரண்டாவது முறை இருட்டுகிறது. அப்படிப் போயிருந்த ஒரு மார்கழியில்தான் அது தொடங்கியிருக்கிறது. சாயங்காலம் கடை வாசலில் மஞ்சு எனும் மலைப்பனி இறங்கியிருந்தபோது, தெருவிளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்ததாம். மஞ்சு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நின்று ரசித்தாளாம். ஊருக்கு இறங்கி வந்த பிறகும் எங்கள் தெருவிளக்கைச் சுற்றி அதே வளையம். மலை மஞ்சு கூடவே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாளாம். சில சாயங்காலங்களில் இருந்தது, சில சாயங்காலங்களில் இல்லை. இருக்கும் நாட்களில் வலது புருவத்துக்கு மேல் வலித்தது. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு.

போன வருடம் மகள் என் போனில் புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். போனை எதன் முன்னால் நீட்டித் தட்டினாலும், எதிரில் இருப்பதைத் தமிழில் விவரித்துச் சொல்லும். சாப்பாட்டு மேஜையில் நீட்டினேன். ஒரு சீப்பு வாழைப்பழம், அதில் இரண்டு கறுத்திருக்கின்றன என்றது. கொல்லையில் நீட்டினேன். கொடியில் ஒரு நீலச் சட்டை, ஒரு துண்டு என்றது. அந்தச் சட்டை நீலம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பரவசத்தில் மனைவி பக்கம் திருப்பித் தட்டினேன்.

“வயதான பெண் ஒருவர் வாசலில் நின்று புன்னகைக்கிறார்” என்றது.

“கெழவின்னு சொல்லுது பாருங்க” என்றாள் அவள். “நான் எங்க சிரிச்சேன்? வெளிச்சம் கூசுது, கண்ண இடுக்கிக்கினு நிக்கறேன். உங்க வண்டு குட்டி போட்டுருக்குது, அது பொய் வேற சொல்லுது.”

நான் அதை நம்பினேன், அவளை நம்பவில்லை. அவள் வெட்கப்பட்டு மறுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவள் சிரிப்பது எனக்குத் ‘தெரிந்தது’. அந்தப் புன்னகையை மனதில் வைத்துக்கொண்டு பல நாள் சுற்றினேன். அவள் கண்ணை இடுக்கியதைத்தான் அது சிரிப்பு என்று சொன்னது. அவள் வாயாலேயே சொன்ன பிறகும் ஏன் வெளிச்சம் கூசுகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் புன்னகைக்கு ஆசைப்பட்டுத்தான் அடுத்த தவறையும் செய்தேன். அவளுக்குத் தெரியாமல் அவளைப் பார்க்க ஆரம்பித்தேன். போனை மடியில் வைத்து, குரலை ஹெட்போனுக்குள் அடக்கி, அவள் இருக்கும் சத்தம் வரும் பக்கம் காமிராவைத் திருப்பித் தட்டுவேன். பெண் ஒருவர் முறத்தில் அரிசி புடைக்கிறார். பெண் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கனவில் வரும் ஆட்களுக்கு நாம் பார்ப்பது தெரியாதது மாதிரி, அவள் அந்த வாக்கியங்களுக்குள் தன் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு நாள் பதினோரு மணி வாக்கில் தட்டியபோது அது சொன்னது: “பெண் ஒருவர் ஜன்னலருகே அமர்ந்து, ஒரு கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செய்தித்தாளை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருக்கிறார்.”

பொய் சொல்கிறது என்று மறுபடி தட்டினேன். “பெண் ஒருவர் கன்னத்தில் கை வைத்துச் சோர்வாக வாசிக்கிறார்.” மறுபடி. “பெண் ஒருவர் ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைத்திருக்கிறார்.”

அந்தக் கை எனக்குத் தெரியும். என் பார்வை போக ஆரம்பித்தபோது யாரிடமும் சொல்லாமல் நான் செய்தது அதுதான். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டரைப் பார்ப்பது, பிறகு கையை மாற்றிப் பார்ப்பது, நேற்றைக்கு இன்று எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தனியாகக் கணக்குப் போடுவது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். வீடு திடீரென்று பெரிதாகி, அதன் அந்தக் கோடியில் தாள் சரசரத்தது.

“இன்னா பண்ற அங்க?” என்றேன்.

“பேப்பர் பாக்கறேன்.”

“எந்தக் கண்ண மூடிக்கினு?”

தாள் சத்தம் நின்றது. எனக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. வலது கண்ணில் நடுவில் கொஞ்சம் போல இருக்கிறது, சுற்றிலும் ஒன்றுமில்லை, இடதும் சாயங்காலமானால் மங்குகிறது என்று, பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்ததா, புருவம் வலித்ததா என்று கேட்டேன்.

“அதத்தான் அப்பவே சொன்னனே” என்றாள்.

“எங்கிட்டயா?”

“உங்ககிட்டதான். ஒரு தரம் இல்ல, எத்தினியோ தரம். வெளக்கச் சுத்தி கலர் கலரா வட்டம் வருது, தல ஒரு பக்கம் வலிக்குதுன்னு சொன்னேன். நீங்க ம்-னீங்க.” தாளை மடித்து வைத்தாள். “கண்ணப் பத்தி உங்களுக்குத் தெரியாததா. நீங்களே பேசாம இருக்கறீங்களே, பயப்படற மாதிரி எதுனா இருந்தா சொல்லியிருப்பீங்களேன்னு வுட்டுட்டேன்.”

அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். என்னுடைய ‘ம்’ அவளுக்கு ஒரு வைத்தியனின் வார்த்தையாக இருந்திருக்கிறது. மாட்டுக் கண்ணை அறுத்துப் பாடம் நடத்தியவன், கண் நோய்களைப் பற்றி உலகத்தில் எழுதியதையெல்லாம் வாசித்தவன், தன் கண்ணையே கொடுத்துத் தெரிந்துகொண்டவன், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். அதை நம்பி அவள் நிம்மதியாகச் சமையலுக்குப் போயிருக்கிறாள்.

அவள் எந்தச் சாயங்காலத்தில் சொன்னாள் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்ததும் சொன்னதாக அவள் சொல்லும் அந்தத் தை மாதத்தில் வண்டு எனக்கு என்ன வாசித்துக்கொண்டிருந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. பழங்காலத்தில் கடற்கரை ஊர்களில் கண்ணாடி மணி செய்த விதம் பற்றிய நீண்ட கட்டுரை அது. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, குழலைத் துண்டுகளாக நறுக்கி, விளிம்புகளை மழுங்கடிக்கச் சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடு காட்டுவார்கள் என்பதுவரை இப்போதும் சொல்வேன். நீலத்துக்கு என்ன சேர்ப்பார்கள், சிவப்புக்கு என்ன என்றும் சொல்வேன். அந்த வாக்கியங்களுக்கு நடுவில் எங்கோ என் மனைவியின் குரல் நிற வளையங்களைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அது என்னிடம் இல்லை.

அன்றே மகளுக்குப் போன் செய்தோம். மறுநாள் விடிந்ததும் புறப்பட்டுப் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். என் நோயும் அவள் நோயும் ஒரே பெயர் கொண்டவை, வேறு வேறு வகை. எனக்கு வந்தது சத்தமில்லாமல் வருவது. அவளுக்கு வந்தது வளையம் காட்டி, வலி கொடுத்து, சொல்லிவிட்டு வருவது. வலது கண்ணில் நரம்பு பெரும்பாலும் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. இடது கண்ணில் அடைப்பு தொடங்கியிருக்கிறது, லேசரில் சின்னத் துளை போட்டு வழி செய்யலாம், சொட்டு மருந்தும் விடாமல் போட வேண்டும், அதற்குப் பிறகும் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். அவளை லேசருக்கு அழைத்துப் போனதும் நான் அவரிடம் தனியாகக் கேட்டேன். முதலில் வளையம் தெரிந்தபோதே வந்திருந்தால் வலது கண் நின்றிருக்குமா? அப்படிச் சொல்ல முடியாது சார் என்றார். இல்லை என்று சொல்லாததை நான் கவனித்தேன். அந்த அளவுக்காவது அன்று காது திறந்திருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் என் ‘ம்’மைப் பற்றிச் சொன்னேன். நான் கேட்கவே இல்லை, வாய்தான் சொன்னது, காதில் வேறு ஓடிக்கொண்டிருந்தது என்றேன். எனக்கு அது தெரிந்திருந்தால் ஒரு டாக்டரிடமாவது போயிருப்பேனே என்றாள். பிறகு தோளை விலக்கி ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. போனை எடுத்துப் பார்க்கலாம் என்று கை போனது. எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சொட்டு மருந்து எங்கள் வீட்டின் பூஜை மாதிரி ஆயிற்று. முன்பு எனக்கு அவள் போட்டாள். இப்போது அவளுக்கு நான். அவளாகவே போட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழிகிறது. என் மடியில் தலை வைத்துப் படுப்பாள். மோதிர விரலால் கன்ன எலும்பைத் தேடி, அங்கிருந்து மேலேறிக் கீழிமையைக் கண்டு, மெதுவாக இழுத்துப் பிடித்து, அந்த விரல் நகத்தின்மேலேயே சீசாவைச் சாய்த்துச் சொட்டவிடுவேன். சில நாள் சரியாக விழும். சில நாள், “மூக்குக்கு ஒண்ணும் வியாதி இல்லீங்க” என்பாள். கட்டை விரலுக்கு அடியில் அவள் நெற்றிப்பொட்டில் நாடி துடிக்கும். அத்தனை வருடம் குடும்பம் நடத்தி, அது அங்கே துடிக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கணினியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. போட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது. அது இல்லாமல் என்னால் இருக்க முடியாது. அவளுக்கும் அது ஒருநாள் வேண்டியிருக்கலாம். ஹெட்போனை எடுத்துவிட்டு, குரலை வெளியே விட்டு, வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். அவளும் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கிறாள். இன்னா இது, பொணத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே மாதிரி படிக்குது என்கிறாள். அவள் பேச ஆரம்பித்தால் என் இடது கை தானாக ஓரத்துக்குப் போகிறது. சில நாள் மறந்தும் போகிறேன். அப்போது அவளே எழுந்து வந்து அந்த விசையை அழுத்திவிட்டுப் பேசுகிறாள்.

சென்ற மாதம் பரிசோதனைக்குப் போனபோது இடது கண்ணில் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்றார்கள். இப்போதைக்கு என்று ஒரு சொல்லையும் சேர்த்தார்கள். செய்தியைச் சொல்லத் தங்கைக்குப் போன் செய்தாள். தங்கை, அப்படியே மேலே வா அக்கா, மாமாவையும் இட்டுக்கினு வா என்றாள். போனோம்.

கரியாலூரில் காலையில் டீக்கடைக்குப் பின்புறம் வெயில் வரும் இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். தூரத்தில் யாரோ மரவள்ளி பிடுங்கும் சத்தம், கிழங்கை மண் விடும் சத்தம் வந்தது. தங்கை காபி வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். மனைவி டம்ளரை எடுத்து ஊதி ஆற்றினாள். பிறகு கேட்டாள்.

“இதுவும் போய்ட்டா எப்படி இருக்குங்க? இருட்டா இருக்குமா?”

என்னோடு இத்தனை வருடம் இருந்து அவள் இதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. போகாது என்று சொல்ல வாய் எடுத்தேன். அதுவும் இன்னொரு ‘ம்’தான் என்று தோன்றியது. உள்ளதைச் சொன்னேன்.

இருட்டு இல்லை. இருட்டைப் பார்க்கவும் கண் வேண்டும். கழுவின அரிசித் தண்ணீர் போல ஒரு வெளுப்பு, எப்போதும். ஆனால் அது காலியாகவும் இருப்பதில்லை என்றேன். சில மத்தியானங்களில் அதில் சன்னமான வலை ஒன்று விரியும், பூவேலை செய்த கம்பி ஜன்னல் போல. சில நாள் ஆட்கள் வருவார்கள். முழங்கால் உயரம்தான் இருப்பார்கள். நல்ல உடுப்பு, தலைப்பாகை, ஓரம் வைத்த சேலை, ஒவ்வொரு நூலும் தெரியும். வரிசையாக அறைக்குள் வந்து, என்னைக் கவனிக்காமல், அலமாரி வழியாக நடந்து போய்விடுவார்கள். சத்தம் போட மாட்டார்கள். பார்வை போனவர்களில் பலருக்கு இது உண்டு, மூளை சும்மா இருக்க முடியாமல் செய்கிற வேலை, பயப்பட ஒன்றுமில்லை என்று வாசித்துத் தெரிந்துகொண்டேன். அப்படியும் யாரிடமும் சொல்லவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“பைத்தியம்னு நெனப்பியோன்னு.”

“அது தெரிஞ்ச சமாச்சாரம்தானே” என்றாள். காபியை ஒரு வாய் குடித்தாள். “வர்றவங்கள்ள நான் இருக்கறனா?”

இருக்கிறாய் என்று சொல்ல ஆசையாக இருந்தது. “இல்ல” என்றேன். “தெரிஞ்சவங்க யாரும் வர மாட்டாங்க. எல்லாம் புது ஆளுங்கதான்.”

“அப்போ எனக்கும் நீங்க வர மாட்டீங்க.”

“வர மாட்டேன்.”

டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்து எனக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். முகவாயைப் பிடித்து என் முகத்தை வெயில் பக்கம் திருப்பினாள். தன் இடது கண் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினாள். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. நான் அசையாமல் இருந்தேன்.

“மீசைக்குக் கீழ வுட்டுட்டீங்க” என்றாள். “ஷேவ் பண்ணது ஒரு பக்கம் சரியாவே இல்ல.”